டிராக்டர் தூக்கும் உயிர்

தோப்புக்குத் தோப்பு பட்டறையில் செய்த மேடைகள் பெருகுகின்றன. அவற்றில் ஏறி நிற்பவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு என்றால் 70 மரம். 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டு நட்டால் அவ்வளவுதான் பிடிக்கும். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று வைத்தால் வருடத்துக்கு எட்டு வெட்டு. ஒரே ஏக்கரில் வருடத்துக்கு 560 முறை ஒருவர் மரத்தின் உச்சிக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் தோப்பில் 2,800 முறை. ஆனைமலை, கிணத்துக்கடவு, உடுமலை வரை விரிந்து கிடக்கும் தோப்புகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் தரையை விட்டு முப்பது, நாற்பது, அறுபது அடி உயரத்தில் இருக்கிறார்கள் என்பது புரியும்.

வெட்டோடு வேலை முடிவதில்லை. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தால் மேலே போய்க் கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து நுனியில் இருக்கும் மூன்று மட்டை இடுக்குகளில் வைக்க வேண்டும். 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ ஓலையின் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். மருந்தோ தண்ணீரோ அங்கே போய்ச் சேர வேண்டும். நீரா இறக்கும் தோப்பு என்றால் பாளை சீவ ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேலேயே ஏற வேண்டும். இளநீர் வெட்டு இன்னும் சிரமம். தேங்காயைப் போலக் கீழே போட முடியாது, வெடித்துவிடும். குலையைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். ஒரு கை கயிற்றில், ஒரு கை அரிவாளில், உடம்பு மட்டும் மரத்தில்.

இதைச் செய்ய ஆள் இல்லை. "வெட்டுக்கு ஆள் சிக்க மாட்டேங்குதுங்க" என்ற பேச்சு இல்லாத டீக்கடையை இந்தப் பகுதியில் பார்க்க முடியாது. மரமேறியின் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அது நல்லதுதான். தளைக்கயிறு காலில் தழும்பு போட்ட ஒரு மனிதர் தன் பிள்ளைக்கு அந்தத் தொழில் வேண்டாம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. ஆனால் மரம் அங்கேயே நிற்கிறது, காய் முற்றிக்கொண்டே இருக்கிறது. ஆள் இல்லாத அந்த இடத்துக்குத்தான் பட்டறையில் செய்த டிராக்டர் மேடை வந்து சேர்ந்திருக்கிறது.

அதற்கு முன்னால் வந்தவை இரண்டு. ஒன்று, ஏறும் கருவி. கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்கிற அப்பச்சன் செய்த, கால்மாற்றி மிதித்து ஏறும் கருவி ஒரு காலத்தில் தென்னை வளரும் ஊர்களில் எல்லாம் பேசப்பட்டது. கோவையைச் சேர்ந்த டி.என்.வெங்கட் என்கிற ரங்கநாதன் உட்கார்ந்தபடி ஏறும் கருவியைச் செய்தார். நின்று ஏற அஞ்சுபவர்களும், பெண்களும்கூட அதில் ஏறினார்கள். தேசியப் புத்தாக்க நிறுவனம் இந்த இருவரையும் அங்கீகரித்தது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைக் கேரளத்தில் தொடங்கியபோது, இளைஞர்கள் கையில் கொடுத்தது இப்படிப்பட்ட கருவிகளைத்தான். பக்கத்துக் கர்நாடகத்தில் மங்களூர் அருகே கணபதி பட் என்ற பாக்கு விவசாயி, மோட்டார் வைத்த ஏறும் வண்டியைச் செய்து 2019-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டார். இவை எல்லாமே மரத்தையே பிடிமானமாகக் கொண்டவை. ஏறுபவருக்கும் மரத்துக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை.

இரண்டாவது, தொரட்டி. மூங்கில் அல்லது அலுமினியக் குழாயின் நுனியில் அரிவாளைக் கட்டி, தரையில் நின்றே குலையை அறுப்பது. பிரிட்டன் 2005-ல் கொண்டுவந்த உயரப் பணி விதிகளில் முதல் விதி, முடிந்தவரை உயரத்துக்கே போகாதே என்பது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் விழாமல் தடுக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் விழுந்தாலும் அடி குறையும்படி செய்ய வேண்டும். எந்த விதியும் படிக்காத நம் தொரட்டிக்காரர் முதல் விதியை என்றைக்கோ கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டார். மேடை செய்யலாமா என்று யோசிக்கிற விவசாயி முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான்: இந்த வேலையைத் தொரட்டியால் முடிக்க முடியாதா? முடியும் என்றால் மேடை தேவையில்லை.

தொரட்டியால் ஆகாத வேலைகளும் உண்டு. குருத்துக்கு மருந்து வைப்பது, பாளை சீவுவது, இளநீர் இறக்குவது, மாமரம் கவாத்து செய்வது, தென்னையில் ஏற்றிவிட்ட மிளகைப் பறிப்பது. குட்டை ரகமும் ஒட்டு ரகமும் நட்டிருக்கும் தோப்புகளில் மரம் காய்க்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் வரை உச்சி 25 அடிக்குள்தான் இருக்கும். அங்கே ஒரு மேடை சரியான நிலையில் நின்றால், ஏறத் தெரியாத ஒருவர்கூட இரண்டு கையையும் வேலைக்குக் கொடுக்கலாம். மேடையைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேவை இருக்கிறது, அதற்கு விடை தேடியிருக்கிறார்கள். கேள்வி எல்லாம் அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதில்தான்.

கிட்டப்போய்ப் பார்த்தால்

ஒரு மேடையை எடுத்துக்கொள்வோம். 45 குதிரைத்திறன் டிராக்டர். பின்னால் கலப்பை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் ஒரு இரும்புச் சட்டம். அதிலிருந்து செங்குத்தாக இரண்டு சேனல். அவற்றுக்குள் சறுக்கி ஏறும் இன்னொரு சட்டம். அதன் தலையில் ஸ்கொயர் பைப்பில் கட்டி, செக்கர் பிளேட் போட்ட கூடை. தூக்குவதற்கு ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். பெரும்பாலும் பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றியது. டிப்பர் டிரெய்லருக்கு எண்ணெய் போகும் பைப்பை இதற்குத் திருப்பிவிடுகிறார்கள். லீவரைத் தள்ளினால் கூடை மேலே போகிறது. பெயிண்ட் அடித்து, முன்னால் குலசாமி பேரும் எழுதியாகிவிட்டது.

டிப்பர் டிரெய்லரின் சிலிண்டர் ஒருவழிச் சிலிண்டர். எண்ணெய் அழுத்தம் தூக்கும். இறங்குவது சொந்தக் கனத்தில். டிரெய்லரில் மண்ணோ எருவோ இருக்கும்வரை அதில் தவறு இல்லை. அதே பைப்பில் மனிதனைத் தூக்கும்போது நடப்பது வேறு. ரப்பர் ஹோஸ் ஒன்று வெயிலில் வெடித்தாலோ, முனையில் நட்டு கழன்றாலோ, சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய் வெளியே பாயும். கூடை அதே வேகத்தில் கீழே வரும். ஓட்டுநர் லீவரை எப்படிப் பிடித்தாலும் நிற்காது, ஏனென்றால் லீவர் இருப்பது ஹோஸின் மறுமுனையில்.

இதைத் தடுப்பது கையளவு உள்ள ஒரு வால்வு. பட்டறைகளில் லாக் வால்வு என்கிறார்கள். எண்ணெய் உள்ளே போக விடும். வெளியே வர வேண்டும் என்றால் இறக்கச் சொல்லும் அழுத்தம் தனியாக வந்தால்தான் திறக்கும். ஆகவே இதை வைக்கும்போது கனத்தில் தானாக இறங்கும் பழைய அமைப்பையும் மாற்றி, இறக்குவதற்கும் எண்ணெய் போகும்படி செய்ய வேண்டியிருக்கும். ஹோஸ் அறுந்தாலும் கூடை நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் அது சிலிண்டரின் வாயிலேயே, நடுவில் ரப்பர் ஹோஸ் இல்லாமல், நேராகப் பொருத்தப்பட வேண்டும். டிராக்டர் பக்கம் பொருத்தினால் ஹோஸ் அறுகிற அன்றைக்கு அது இருந்தும் இல்லாததுதான். ஆளைத் தூக்குவதற்கென்றே செய்யப்படும் கம்பெனி மேடைகளில் இப்படி ஒரு காப்பு இல்லாமல் வெளியே விடுவதில்லை. நம் பட்டறை மேடைகளில் முதலில் தேட வேண்டிய பொருள் இதுதான். அதோடு, மேலே போய் நின்ற பிறகு சட்டத்தின் குறுக்கே செருகும் ஒரு கனமான பின் இருந்தால், எண்ணெயை நம்பி நிற்கவே வேண்டியதில்லை.

வெல்டையும் பார்க்க வேண்டும். கூடையைத் தாங்கும் மூலையில் மணிமணியாக, ஒரே சீராக ஓடியிருக்கிறதா, அல்லது குமிழ் குமிழாகக் கொட்டியிருக்கிறதா? அதன் ஓரத்தில் மயிரிழை போல ஒரு துருக்கோடு தெரிந்தால் பெயிண்டுக்கு அடியில் இரும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு வெட்டுக்கும் பலமுறை ஏறி இறங்கும் சட்டம் அது. முதல் நாள் தாங்கியது என்பதற்காக ஆயிரமாவது நாளும் தாங்கும் என்று சொல்ல முடியாது. இரும்பும் சோர்ந்து போகும்.

மூன்று காலில் நிற்கும் வண்டி

டிராக்டருக்கு நான்கு சக்கரம். ஆனால் நிலைத்து நிற்பதைப் பொறுத்தவரை அதற்கு மூன்று கால்தான். முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் தொங்குகிறது. மேடு பள்ளத்தில் இரு பக்கமும் ஆடுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். உழவுக்கு அது வரம். உயரத்தில் ஆளை நிறுத்தும்போது, பின்சக்கரம் இரண்டும் முன் அச்சின் நடுப்பின்னும் சேர்ந்த முக்கோணத்துக்குள் மொத்த பாரமும் விழ வேண்டும். முக்கோணத்தைத் தாண்டினால் வண்டி சாயத் தொடங்கும். முன் அச்சு ஆடும் அளவுக்கு ஆடி, தடுப்பில் போய் முட்டும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இப்போது தோப்புக்கு வருவோம். ஒவ்வொரு தென்னையைச் சுற்றியும் வட்டப்பாத்தி. நடுவில் வாய்க்கால். சொட்டுநீர்க் குழாய் பதித்த இடத்தில் மண் இளகிக் கிடக்கும். பின்சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரம் நனைந்த மண்ணில் 10 சென்டிமீட்டர் இறங்குகிறது. ஒரு சாண்கூட இல்லை. அந்தச் சாய்வில் 8 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூடை 57 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். வண்டியின் நடுவிலிருந்து ஒரு பின்சக்கரம் வரை உள்ள தூரமே 70 சென்டிமீட்டர்தான். மேலே நிற்பவர் அதே பக்கம் எட்டி ஒரு குலையைப் பிடித்தால், அந்தக் குலை அறுந்து அவர் கையை இழுத்தால், மிச்சம் இருக்கும் இடைவெளி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கீழே நிற்பவருக்கு 10 சென்டிமீட்டர் கண்ணிலேயே படாது. மேலே இருப்பவருக்குத்தான் உலகம் சாய்கிறது.

இதற்கு விடை நமக்குத் தெரியாததல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டியைப் பாருங்கள். இந்தியாவின் எல்லா மாநிலங்களிலும், ஆப்பிரிக்க நாடுகளிலும் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கும் வண்டி. எந்தக் காட்டில் போய் நின்றாலும் ரிக்காரர் முதலில் செய்வது நான்கு பக்கமும் ஜாக்கியை இறக்கி, அதன் அடியில் மரக்கட்டை கொடுத்து, வண்டியை மட்டம் பார்ப்பது. அதன் பிறகுதான் மாஸ்ட் எழும். துளை நேராக இறங்கவும் வண்டி அசையாமல் நிற்கவும் இத்தனை பாடுபடுகிறோம். ஆள் ஏறுகிற மேடைக்கு அதில் பாதிகூடச் செய்வதில்லை. பக்கவாட்டில் விரியும் இரண்டு கால்கள், அவற்றின் அடியில் அகலமான பலகை, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் கொத்தனார் வைத்திருக்கும் மட்டக் குழாய் ஒன்று. இவ்வளவு செய்ய ஒரு பட்டறைக்கு ஒரு வாரம்கூட ஆகாது.

முன்பக்க எடையும் முக்கியம். பின்னால் சட்டம், கூடை, ஆள் எல்லாம் தொங்கும்போது முன்சக்கரம் இலேசாகிவிடும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது டிராக்டர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஸ்டியரிங் பஞ்சு போல் திரும்பினால் முன்னால் எடைக்கட்டிகள் போதவில்லை என்று பொருள்.

இருபத்தைந்து அடி ஆசை

மேடை வைத்திருக்கும் தோப்புகளில் எல்லாம் ஒரே ஒரு ஆசை எல்லாரையும் பிடித்து ஆட்டும். ஒரு மரம் முடிந்தது. அடுத்த மரம் 25 அடி தள்ளி. கூடையை இறக்கி, கால்களை மடக்கி, வண்டியை நகர்த்தி, மறுபடி விரித்து ஏற்றினால் சில நிமிடம் போகும். 70 மரத்துக்கு அரை நாளே போய்விடும். "மெதுவா நகர்த்துங்க, நான் புடிச்சிக்கறேன்" என்று மேலே இருந்து குரல் வரும். ஓட்டுநரும் முதல் கியரில் போடுவார்.

அந்த 25 அடியில்தான் வாய்க்கால் இருக்கிறது. முறிந்து விழுந்த மட்டை இருக்கிறது. கீழே சக்கரம் அரை அடி தூக்கினால் மேலே கூடை பல அடி வீசும். கவண்கல் போல் ஆளை எறிந்துவிடும். ஆள் மேலே இருக்கும்போது வண்டி ஒரு அங்குலமும் நகரக் கூடாது. இதில் பேரம் இல்லை. கூலியை மரத்துக்கு இவ்வளவு என்று பேசினால் அவசரம் வரத்தான் செய்யும். மேடையில் வேலை செய்பவருக்கு நாள் கூலி பேசுங்கள்; அவசரத்தில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

பெல்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. தோள், தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். அதற்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 3521. அதன் கயிறு குட்டையாக இருக்க வேண்டும், கூடையின் விளிம்பைத் தாண்டி ஆள் வெளியே போக முடியாத அளவுக்கு. கயிற்றைக் கூடையில் அதற்கென்று வெல்டு வைத்த வளையத்தில் கட்ட வேண்டும். மரத்தில் கட்டக் கூடாது. பல பேர் மரத்தில் கட்டுவதே பத்திரம் என்று நினைக்கிறார்கள். கூடை திடீரென்று இறங்கினாலோ சாய்ந்தாலோ மரம் ஒரு பக்கமும் மேடை ஒரு பக்கமும் இழுக்க, நடுவில் அகப்படுவது அவர் உடம்பு.

கீழே நிற்பவர் பாதுகாப்பும் இருக்கிறது. எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் தரையைத் தொடும்போது மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். காய் பொறுக்க வரும் அம்மாக்கள் மேடையைச் சுற்றி நிற்கவே கூடாது. வெட்டு முடிந்து குரல் கொடுத்த பிறகுதான் வர வேண்டும்.

மின்கம்பி பற்றி ஒரு வரியில் கடக்க மனம் வரவில்லை. கொங்கு நாட்டில் பம்ப்செட்டுக்குப் போகாத கம்பி இல்லை. தோப்பின் குறுக்கே 11 கே.வி., 22 கே.வி. லைன்கள் ஓடுகின்றன. இரும்புக் கூடை அதைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே போதும். மேலே இருப்பவரும், கீழே வண்டியைத் தொட்டுக்கொண்டிருப்பவரும் ஒரே நொடியில் போய்விடுவார்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி 50 கே.வி. வரையிலான கம்பியிலிருந்து 10 அடி தள்ளியிருக்கச் சொல்கிறது. ஓலை காற்றில் ஆடும் தென்னந்தோப்பில் நான் அதையும் தாண்டிச் சொல்வேன்: கம்பிக்கு இரண்டு பக்கமும் உள்ள ஒரு வரிசை மரங்களுக்கு மேடையைக் கொண்டு போகாதீர்கள். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்திவிட்டு, தொரட்டிக்கும் மூங்கிலுக்கும் விடுங்கள். அதுவும் அலுமினியத் தொரட்டி கூடாது.

நம்பிக்கை இடம் மாறிவிட்டது

மரமேறி தன் கையையும் காலையும் நம்பி ஏறினார். மரம் ஈரமாக இருந்தால் இன்றைக்கு வேண்டாம் என்பார். மட்டை காய்ந்திருந்தால் அதைப் பிடிக்க மாட்டார். ஆபத்தை அளந்தவரும் அவரே, அனுபவித்தவரும் அவரே. மேடையில் ஏறுபவர் நிலைமை அப்படியில்லை. அவர் பார்த்தே இராத ஒரு வெல்டர், ஒரு பழைய சிலிண்டர், கீழே போன் வந்தால் எடுத்துப் பேசும் ஒரு ஓட்டுநர், இவர்களை நம்பி நிற்கிறார். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஹோஸ் வெடிப்பதை அவர் கெட்டிக்காரத்தனம் தடுக்காது. திறமை அவரிடமிருந்து போய் இயந்திரத்துக்கு வந்துவிட்டது. அப்படியானால் பொறுப்பும் இயந்திரத்தைச் செய்தவருக்கும் வைத்திருப்பவருக்கும் வர வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

சட்டத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவர்கள் பெருகியபோது, 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இயந்திரத்தைச் செய்பவர் மேலேயே பாதுகாப்புப் பொறுப்பை வைத்த சட்டம் அது. டிராக்டர் கவிழ்ந்து சாவோர் பெருகியபோது சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்பு இரும்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே கவிழ்ந்து இறப்போர் எண்ணிக்கை பின்னர் வெகுவாக இறங்கியது. ஓட்டுநர்களுக்கு அறிவுரை சொல்லி அதைச் சாதிக்கவில்லை. இரும்பைச் சரி செய்து சாதித்தார்கள். நம் ஊரில் டிராக்டர் போன்ற இயந்திரங்களால் விவசாய வேலை செய்பவருக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் கடமை, 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியல் வழியாக, வேலை கொடுப்பவர் மேல் வைக்கப்பட்டது. மேடை வைத்திருக்கும் பல தோட்டக்காரர்களுக்கு இது தெரியாது. மேடையில் ஏறுபவர்களுக்கு அறவே தெரியாது.

தென்னை வளர்ச்சி வாரியம் மரமேறிகளுக்காக 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டை நடத்துகிறது. பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியமே கட்டுகிறது. தொடர்ந்து உங்கள் தோப்புக்கு வருகிறவர் இருந்தால், மீதியை நீங்கள் கட்டிச் சேர்த்துவிடுங்கள். மேடையில் நின்று வெட்டுகிறவருக்கும் அது பொருந்துமா என்பதை வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விழுந்தவர் கோவையின் முதுகுத்தண்டு சிகிச்சை மருத்துவமனைகளுக்கு வரும்போது உயிர் பிழைத்திருக்கலாம். ஆனால் முதுகுத்தண்டு நரம்பு முழுதாக அறுந்தால் அதை இணைத்து நடக்க வைக்கும் மருத்துவம் இன்னும் இல்லை. முப்பது வயதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போன ஒரு மனிதரின் வீட்டில் அதற்குப் பிறகு நடப்பதை எந்த இழப்பீடும் ஈடு செய்யாது.

தென்னையோடு இது நிற்கவில்லை. பல்லடம், நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடங்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாற்ற ஆள் கூரை மேல் நடக்கிறார். ஷீட் உடைந்தால் நேரே சிமெண்ட் தரை. அங்கே பக்கவாட்டிலிருந்து ஆளைத் தூக்கி நிறுத்தும் நல்ல மேடை இருந்தால் கூரையில் கால் வைக்கவே வேண்டியதில்லை. இப்போதோ ஜே.சி.பி. பக்கெட்டில் ஆளை ஏற்றித் தூக்குகிறார்கள். மண் அள்ளச் செய்த பக்கெட் அது. கைப்பிடி இல்லை, கதவு இல்லை, லீவர் கொஞ்சம் அசைந்தால் கவிழ்த்துக் கொட்டிவிடும். அந்தப் பழக்கத்தை இன்றோடு நிறுத்த வேண்டும்.

கோவையால் முடியும்

கோவைக்கு இது பெரிய வேலை இல்லை. பம்ப்செட்டை எடுத்துக்கொள்வோம். சந்து சந்தாக இருந்த பட்டறைகளில் ஆளுக்கொரு விதமாகச் செய்த காலம் ஒன்று இருந்தது. பிறகு தர முத்திரை வந்தது, சிடார்க் போன்ற சோதனைக் கூடம் வந்தது. இன்று சிறு பட்டறைக்காரர்கூட பம்ப்பைச் சோதனைக்கு அனுப்பிச் சான்று வாங்குகிறார். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்குச் செய்ததை ஆளைத் தூக்கும் இயந்திரத்துக்கும் செய்ய வேண்டும்.

டிராக்டர்களைச் சோதிக்க மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசின் நிலையம் இருக்கிறது. கோவையிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் இயந்திர ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆழியாரில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து, பட்டறை மேடைகளைத் தோப்பிலேயே வைத்துச் சோதித்து, தமிழில் ஒரு வரைபடமும் அளவும் வெளியிட்டால் போதும்: எத்தனை அடி உயரம் வரை, எவ்வளவு எடை வரை, எந்தச் சேனல், லாக் வால்வு எங்கே, பக்கவாட்டுக் கால் எவ்வளவு அகலம். ஆளை ஏற்றுவதற்கு முன் அதே எடைக்கு மேல் மணல் மூட்டையை ஏற்றி, ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கீழே கட்டை வைத்துச் சாய்த்துப் பார்க்கும் சோதனை ஒன்றும் அதில் இருக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் சட்டத்துக்குப் பயந்து ஒளியத் தேவையில்லை. அவர்கள் கையில் கொடுக்க ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான்.

வேளாண்மைப் பொறியியல் துறை ஏற்கனவே டிராக்டர், பொக்லைன் எல்லாம் வாடகைக்கு விடுகிறது. ஐந்து ஏக்கர்காரர் ஒவ்வொருவரும் சொந்தமாக மேடை செய்ய வேண்டிய கட்டாயமே இருக்கக் கூடாது. சோதித்த மேடையும் பயிற்சி பெற்ற ஆளும் வட்டாரத்துக்கு ஒன்றாகத் துறையிடம் இருந்தால், 45 நாளுக்கு ஒருமுறை முறை வைத்து எடுத்துக்கொள்ளலாம். கொடிசியா வளாகத்தில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சியில் வருடாவருடம் எத்தனையோ புதிய இயந்திரங்களைப் பார்த்துவிட்டு வருகிறோம். அடுத்த முறை, ஆளைத் தூக்கும் எதையாவது விற்பனைக்கு வைத்திருந்தால், விலையைக் கேட்பதற்கு முன் ஹோஸைக் கழற்றினால் கூடை நிற்குமா என்று கேளுங்கள். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்கனவே மேடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வெட்டுக்கு முன் செய்து கொடுத்த பட்டறைக்காரரைத் தோப்புக்கே அழைத்து வாருங்கள். சிலிண்டர் வாயில் லாக் வால்வு, பக்கவாட்டுக் கால், மூலை வெல்டு, பெல்ட் கட்டும் வளையம், இந்த நான்கையும் அவர் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த மேடையில் யாரையும் ஏற்றாதீர்கள். அந்த வெட்டு பத்து நாள் தள்ளிப் போனால் போகட்டும்.